மழையில் கேமரா: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் படமெடுத்துவிட்டு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசைக்கு உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் மழையில் வந்து நிற்கும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 மழை நாள் என்று இருக்கிற ஊரில் வேறு எதைப் பேசுவது? அந்த மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கேமரா விற்பவனில்லை. பதினைந்து வருடமாகக் கேமராக்களை நனைத்து, சிலவற்றைக் கெடுத்தும் இருக்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டியில் "வெதர் சீலிங்" என்று போட்டிருக்கிறதே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

வீட்டுக் குக்கர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். கேஸ்கட் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதே வேலைதான் இங்கேயும். கேமராவின் மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம், ஒவ்வொரு பட்டனின் அடி, டயலின் தண்டு, பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு, லென்ஸ் பூட்டும் மவுண்ட் என்று தண்ணீர் நுழையக்கூடிய இடங்களில் மெல்லிய ரப்பரோ சிலிகோனோ நுரைப்பட்டையோ வைத்து அடைத்திருப்பார்கள். சில இடங்களில் ரப்பரே இருக்காது. ஒரு விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும்படி செய்திருப்பார்கள். தண்ணீர் அந்த வளைவுகளைக் கடந்து உள்ளே போவதற்குள் வேகம் குறைந்து நின்றுவிடும்.

குக்கர் கேஸ்கட்டுக்கு வரும் வியாதிகள் எல்லாம் இதற்கும் வரும். ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் ஆவி கசிகிறதல்லவா? பேட்டரிக் கதவின் ரப்பரில் ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ இருந்தால் இங்கேயும் கசியும். வருடம் போகப் போக ரப்பர் இறுகும், தளரும், விரியும். குக்கருக்குப் புது கேஸ்கட்டைக் கடையில் வாங்கிவிடலாம். கேமராவுக்கு அது நடக்காது.

அப்படியானால் தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாதா?

ஆகும். தூறலையும் தெறிப்பையும் தாங்குவது வேறு, முழுகினால் தாங்குவது வேறு. முழுகித் தாங்குபவை என்றால் ஒலிம்பஸ் டிஜி-6, ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி லென்ஸ் கழற்ற முடியாத சின்ன கேமராக்கள். 15 மீட்டர் ஆழம் வரை கொண்டுபோகலாம். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் அதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. நிக்கான் 2013இல் "1 ஏடபிள்யூ1" என்று ஒன்றை விட்டது, அதுவும் 15 மீட்டர்தான். அதற்கு ஒரு தம்பி பிறக்கவே இல்லை.

ஐபி53, ஐபிஎக்ஸ்1 என்றெல்லாம் எண் போடுகிறார்களே?

இது சர்வதேசத் தர அளவு. முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. சோதிக்காத பக்கத்துக்கு "எக்ஸ்" என்று போட்டுவிடுவார்கள். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 ஐபி53. அதாவது கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசு புகாது. நேர் மேலிருந்து 60 பாகை சாய்வு வரை தூவப்படும் நீரைத் தாங்கும். லைக்காவின் எஸ்எல்2, எஸ்எல்3 இரண்டும் ஐபி54. எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். ஓஎம்-1க்கு முந்தைய ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் போன்றவை ஐபிஎக்ஸ்1.

இந்த ஐபிஎக்ஸ்1 சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? கேமராவை மேசையில் வைத்து, நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவில் நேர் மேலிருந்து தண்ணீர் சொட்டவிடுவார்கள், பத்து நிமிடம். காற்றும் கிடையாது, சாய்வும் கிடையாது. இப்போது 2021 ஏப்ரல் 17 சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். டனர்ன் ரோட்டில் கார்கள் மிதந்த அந்த மதியம், தீவின் மேற்குப் பக்கத்தில் மூன்று மணி நேரத்தில் 170.6 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வகுத்தால் நிமிடத்துக்கு 0.95 மில்லிமீட்டர் வருகிறது. சோதனைக்கூடத்தில் பத்து நிமிடம் ஊற்றியதை நம் ஊர் வானம் கிட்டத்தட்ட அதே கணக்கில் மூன்று மணி நேரம், காற்றோடு சேர்த்து ஊற்றியிருக்கிறது. அன்றைய மழை அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை மணி நேரம் அப்படிப் பெய்யும் மதியங்கள் இங்கே அபூர்வமில்லை.

இன்னொன்று. அந்த எண்ணைக் குறிப்பிட்ட லென்ஸ் பூட்டித்தான் சொல்கிறார்கள். வேறு லென்ஸ் போட்டால் எண் உங்களுடையதில்லை.

கேனான், சோனி, ஃபியூஜி கேமராக்களுக்கு ஏன் அந்த எண் இல்லை?

பெரும்பாலான நிறுவனங்கள் லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கு எண் கொடுப்பதில்லை. "தூசும் ஈரமும் புகாதபடி வடிவமைக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு, முழுமையாகத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். அதனால் மோசம் என்று ஆகிவிடாது. எண்ணே இல்லாமல் வருடக்கணக்கில் காட்டிலும் மேட்டிலும் மழை தாங்கிய கேமராக்கள் ஏராளம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் வழியில்லை.

பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) சீல் ஆனது. லென்ஸ் சாதாரணம். பரவாயில்லையா?

இந்தக் கேள்விக்கு நான் 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலை, சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். மீன்கொத்திக்காகக் காத்திருந்தேன். புத்தம் புது பாடி, அதில் நான் ஆசையாக வைத்திருந்த பழைய லென்ஸ். மழை பிடித்தது. "சீல் ஆன கேமராதானே" என்ற தைரியத்தில் கழுத்தில் தொங்கவிட்டபடியே நடந்தேன். கால் மணி நேரம் இருக்கும். கேமரா மேலே விழுந்த தண்ணீர் எல்லாம் முன்பக்கமாக வழிந்து, பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள அந்த நூலிழை இடைவெளியில் போய்த் தங்கியிருக்கிறது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் லென்ஸ் தொடர்பு இல்லை என்று திரையில் செய்தி. ரிப்பேர் அங்கிள் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். மவுண்ட்டில் உள்ள பொன்னிற ஊசிகளில் ஒன்றின் அடியில் பச்சை பூத்திருந்தது. "பாடி ஓகே, உன் லென்ஸ்தான் கதவைத் திறந்து வைத்தது" என்றார்.

ஆகவே சீல் என்பது பாடி, லென்ஸ், மூடிய கதவுகள் மூன்றும் சேர்ந்தால்தான். ஒன்று குறைந்தாலும் சாதாரண கேமராவாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

லென்ஸ் சீல் ஆனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் உதடு நீட்டிக்கொண்டிருந்தால் மவுண்ட்டாவது சீல் ஆனது. ஆனால் அந்த ஒரு ரப்பரை மட்டும் வைத்துவிட்டு உள்ளே ஒன்றுமே செய்யாத லென்ஸ்களும் உண்டு. ஃபியூஜியில் பெயரிலேயே "டபிள்யூஆர்" வரும். 35 மில்லிமீட்டரில் எஃப்2 லென்ஸுக்கு அது உண்டு, அதைவிடப் பழைய எஃப்1.4 லென்ஸுக்கு இல்லை. ஒரே நிறுவனம், ஒரே குவியத் தூரம், விலை கூடிய லென்ஸுக்குத்தான் மழை ஆகாது! பென்டாக்ஸில் "டபிள்யூஆர்", "ஏடபிள்யூ" என்று இரண்டு வகை. அவர்களுடைய மலிவான 18-55 லென்ஸில்கூட டபிள்யூஆர் கிடைக்கும். மழைநாட்டுக்காரர்களுக்கு அந்த நிறுவனத்தின்மேல் ஒரு தனிப் பிரியம் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் போட்டால்தான் சீல் முழுமையாகும். கேனானின் பழைய 17-40 எஃப்4 எல் அப்படிப்பட்டது. ஃபியூஜியின் எக்ஸ்100வி, எக்ஸ்100விஐ இரண்டுக்கும் தனியாக ஒரு வளையமும் ஃபில்டரும் வாங்கிப் பூட்ட வேண்டும். இதைப் பெட்டியின் முன்பக்கத்தில் எழுத மாட்டார்கள், கையேட்டில்தான் இருக்கும்.

சூம் திருப்பும்போது நீண்டு சுருங்கும் லென்ஸா? அது சைக்கிள் பம்ப் மாதிரி ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நீண்ட குழாயின் மேல் தண்ணீர் நிற்கும்போது சுருக்கினால் அதையும் சேர்த்து இழுக்கும். மழையில் ஒரு தூரத்தில் வைத்து விட்டுவிடுங்கள். அல்லது துடைத்துவிட்டுச் சுருக்குங்கள். நீளாமல் உள்ளுக்குள்ளேயே நகரும் சூம்கள் இந்த விஷயத்தில் நல்லவை.

என்னிடம் சீல் இல்லாத கேமராதான். மழை வந்தால் வீட்டிலேயே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கோப்பிக்கடையில் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பை, ஒரு ரப்பர் பேண்ட், ஒரு சின்ன துண்டு. முதல் பத்து வருடம் என் வெதர் சீலிங் இதுதான். பையின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் மறைப்பை) சுற்றி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். பையின் வாய் உங்கள் பக்கம். கையை அதற்குள் விட்டுப் படமெடுக்கலாம். இதையே கொஞ்சம் அழகாகச் செய்து சில வெள்ளிக்கு மழை உறை என்று விற்கிறார்கள். அதுவும் நல்லதே. சீல் ஆன கேமரா வைத்திருப்பவர்களும் பெருமழையில் இதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹூட்டை மட்டும் மறக்காதீர்கள். கேமரா நனைவதற்கு வெகு முன்பே லென்ஸின் முன் கண்ணாடியில் ஒரு துளி விழுந்து படத்தைக் கெடுத்துவிடும். நீளமான ஹூட் பாதித் துளிகளைத் தடுக்கும்.

அப்புறம், இந்த ஊரில் மழைக்கு ஒதுங்க இடமா இல்லை? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், புளோக்குகளை இணைக்கும் கூரை போட்ட நடைபாதை, சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் போகும் ஐந்தடி நடைபாதை. மழைப் படங்களில் எனக்குப் பிடித்தவை எல்லாம் கூரைக்கு அடியில் நின்று வெளியே பார்த்து எடுத்தவை. கேம்பல் லேன் பூக்கடையின் தார்ப்பாய் விளிம்பிலிருந்து தண்ணீர் வரிசையாக ஒழுக, அதற்குப் பின்னால் மல்லிகைச் சரம் தொடுக்கும் கை. அந்தப் படத்துக்கு எந்த ஐபி எண்ணும் தேவைப்படவில்லை.

தைப்பூசம், தீமிதிக்குப் போகிறோம். அங்கே என்ன கவனிக்க வேண்டும்?

மழையைவிட மற்றவற்றை. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பால்குடங்கள் போகும்போது நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு முழ தூரத்தில் நிற்பீர்கள். பால் தளும்பும். மஞ்சள் தண்ணீர் தெறிக்கும். தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் இளநீரும் ஓட்டுச் சில்லும் முகத்தில் வந்து விழும். மழைத்தண்ணீர் காய்ந்தால் பெரும்பாலும் சுவடில்லாமல் போய்விடும். பால் காய்ந்தால் பட்டனின் இடுக்கில் பசையாகப் பிடிக்கும். இரண்டு நாள் கழித்து வாடையும் வரும். என் கேமராவின் பின்பக்க டயல் ஒரு வருடம் "கிரிக் கிரிக்" என்று ஒட்டி ஒட்டித் திரும்பியது பால்குடத்தின் புண்ணியத்தில்தான்.

பால், இளநீர், பானகம் எது பட்டாலும் காய விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அப்போதே துடையுங்கள். பிறகு உலர்ந்த துணி. இதற்காகவே பையில் இரண்டு துணி வைத்திருப்பேன், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த.

திருநீறு வேறு கதை. அது மாவு மாதிரி நுண்ணிய பொடி. அது வந்து உட்கார்ந்த கேமராவை ஈரத்துணியால் துடைத்தால் சாந்தாகிச் சூம் வளையத்துக்குள் இறங்கும். வியர்வைக் கை பட்டாலே போதும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ளுங்கள், அதன்பின் மென்மையான தூரிகை, அதற்குப் பிறகுதான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். இரண்டு லென்ஸ் வேண்டுமென்றால் நண்பரிடம் ஒரு பாடி கடன் வாங்குங்கள்.

தீமிதி ஐப்பசியில் வருகிறது. "ஐப்பசி அடைமழை" என்பது இந்த ஊருக்கும் பொருந்தும், அக்டோபர், நவம்பர் மதிய இடிமழைக் காலம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்பீர்கள். சாம்பலும் புகையும் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். சீல் ஆன கேமராவுக்கு வருடத்தில் ஒரு நாள் முழுச் சம்பளம் கொடுக்கலாம் என்றால் அது அந்த நாள்தான்.

ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மங்கிவிடுகிறதே, சீலிங் சரியில்லையா?

சீலிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் கோப்பிக் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதை. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மேலும் அது நீராகப் படியும். ஏர்கான் அறையில் 22 பாகையில் இரவெல்லாம் கிடந்த கேமராவைக் காலையில் மேக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் கண்ணாடி மட்டுமா, பாடி முழுக்க வியர்க்கும்.

இதில் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் துடைத்தும் மங்கல் போகவில்லையே என்று லென்ஸைக் கழற்றிப் பார்ப்பது. கழற்றிய அடுத்த நொடி ஈரக்காற்று குளிர்ந்த சென்சாரின் மேல் போய்ப் படியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலாக இருந்தாலும் நீங்களே திறந்து விட்டால் என்ன செய்யும்?

வெளியே கிளம்புமுன் கேமராவை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். வெளியே வந்ததும் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. நான் இன்னும் சோம்பேறி. முந்தின இரவே கேமராப் பையை ஏர்கான் இல்லாத கூடத்தில் வைத்துவிடுவேன். காலையில் அது வெளிக்காற்றின் சூட்டிலேயே இருக்கும்.

நனைந்து வீட்டுக்கு வந்தாயிற்று. அடுத்து?

எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சீல் தண்ணீரை உள்ளே விடாது என்பது பாதி உண்மை. உள்ளே போன ஈரத்தை வெளியேயும் விடாது. ஒரு முறை பாசிர் ரிஸ் பூங்காவில் நல்ல மழையில் எடுத்துவிட்டு, கேமராவை மேலோட்டமாகத் துடைத்து, அதே பையில், ஈரத் துண்டோடு சேர்த்து வைத்துவிட்டேன். மறுநாள் அலுவலகம், அதற்கு மறுநாளும் அலுவலகம். பை அலமாரியில் மூன்று வாரம். எடுத்து லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் பூஞ்சை. அந்த லென்ஸ் மழையில் ஒரு மணி நேரம் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. பைக்குள் மூன்று வாரம் இருந்து கெட்டது.

அதனால் வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். முதலில் வெளியே எல்லாம் துடைத்து, துணியை இடுக்குகளில் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் தண்ணீர் உள்ளே தள்ளப்படும். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி பக்கம் கடற்காற்றில் நின்றிருந்தால் ஒரு தடவை நல்ல தண்ணீர் ஈரத்துணியும் போடுங்கள், உப்பு ரப்பரையும் திருகாணிகளையும் அரிக்கும். மேற்புறம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேட்டரிக் கதவையும் லென்ஸையும் திறக்க வேண்டும். கதவு ஓரத்தில் தேங்கியிருந்த இரண்டு துளி, திறந்ததும் நேராக உள்ளே விழும். பிறகு பாடி தனியாக, லென்ஸ் தனியாக டிரை கேபினட்டில் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி). பையையும் வாரையும் விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள்.

டிரை கேபினட் கட்டாயம் வேண்டுமா?

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். 65, 70ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எனக்குக் கேட்டால், சீல் ஆன பாடிக்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். 30 லிட்டர் அளவுள்ள சின்ன மின் கேபினட்டுக்கு நூறு, நூற்றைம்பது வெள்ளி ஆகலாம். 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். இன்னும் உலரட்டும் என்று 30க்குக் கீழே இறக்கினால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் மசகுக்கும் நல்லதில்லை.

கையில் காசு குறைவா? ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றும் போதும். ஜெல் மணிகள் நிறம் மாறினால் காயவைக்க வேண்டும். நீல நிற மணிகளில் கோபால்ட் இருக்கும், சமையல் அவனில் வைக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தவை அந்த வகையில் தேவலை. துணி அலமாரியில் வைப்போமே, கீழே தண்ணீர் சேரும் டப்பா, அதைக் கேமராப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சேர்வது வெறும் தண்ணீரில்லை, உப்புக் கரைசல். கவிழ்ந்தால் மழை எவ்வளவோ மேல் என்று ஆகிவிடும்.

அரிசிக்குள் போட்டால் ஈரம் போகுமா?

போகாது. மாவும் தவிடும் பட்டன் இடுக்கில் போய் உட்காரும். அரிசியைப் பொங்கலுக்கு வையுங்கள்.

உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று தெரிகிறது. உடனே என்ன செய்வது?

அணையுங்கள். பேட்டரியை எடுங்கள். பிறகு கார்டு. "வேலை செய்கிறதா" என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்க மனம் துடிக்கும், அந்த ஒரு தடவையில்தான் பல கேமராக்கள் செத்தன. ஈரத்தைவிட ஈரத்தில் ஓடும் மின்சாரமே பலகையை எரிக்கிறது. பட்டன் அழுத்தாதீர்கள், சூம் திருப்பாதீர்கள், உதறாதீர்கள். கதவுகளைத் திறந்து, தண்ணீர் போன பக்கம் கீழே இருக்கும்படி டிரை கேபினட்டில் இரண்டு மூன்று நாள். ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு பசைகளை இளக்கும், காற்று நீரை இன்னும் ஆழமாகத் தள்ளும். கடல்நீர் போயிருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வாரண்டியில் சரிசெய்து தருவார்களா?

பொதுவாக மாட்டார்கள். சீல் ஆனது என்று விளம்பரம் செய்த கேமராவாகவே இருந்தாலும் நீர்ச் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை. மழையில் அடிக்கடி எடுப்பவர்கள் காப்பீட்டைப் பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் நீர்ச் சேதம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய கேமரா ஒன்று பார்த்திருக்கிறேன். சீலை நம்பலாமா?

பாதி நம்புங்கள். அதைக் கடையில் சோதிக்க வழியில்லை, யாரும் உங்களைக் கேமராமேல் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். பார்க்கக்கூடியதைப் பாருங்கள். பேட்டரிக் கதவு ரப்பர் விரிந்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா? பக்கவாட்டு ரப்பர் மூடிகள் அழுத்தினால் உட்காருகின்றனவா, பல் இளிக்கின்றனவா? கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றிருந்தால் இந்த ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட இருந்த கேமரா. திருகாணித் தலைகளில் கீறல் தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்து மூடியவர் ரப்பரைத் திரும்பச் சரியாக வைத்தாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கீழே விழுந்து மூலை நசுங்கியதை மழைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

சீலிங்குக்காகக் கூடுதலாக ஆயிரம் வெள்ளி கொடுக்கலாமா?

நீங்கள் எப்படி எடுப்பவர் என்பதைப் பொறுத்தது. புளோக்குக்குக் கீழே பிள்ளைகளையும், தேக்காவில் தெருவையும், வீட்டு விசேஷங்களையும் எடுப்பவருக்குத் தேவையில்லை. பறவைக்காக மணிக்கணக்கில் நிற்பவர், புலாவ் உபின் செக் ஜாவாவுக்குப் படகில் போகிறவர், கோயில் திருவிழாக்களை விடாமல் எடுப்பவர், இவர்களுக்குப் பயன்படும். ஓடி ஒதுங்கப் பக்கத்தில் புளோக் இல்லாத இடத்தில் முதல் பத்து நிமிடத்தைத் தாண்ட அது உதவும். கொடுப்பதென்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பாடிக்கு மட்டும் கொடுத்தவன் கதையை மேலே படித்துவிட்டீர்கள்.

எந்த மாதம், எந்த நேரத்தில் மழையை எதிர்பார்க்கலாம்?

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மூன்று நாள் விடாமல் நசநசவென்று பெய்யும் காலம் அது. படத்துக்கு ஒளி அழகாக இருக்கும், கேமரா காயவே காயாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு இடியோடு கொட்டும். சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயல்காற்று பொழுது விடியுமுன் மேற்கே தொடங்கித் தீவைக் கடந்து போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சூரிய உதயம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். கிளம்புமுன் கைப்பேசியில் மழை ராடார் படத்தைப் பாருங்கள், மேற்கே சிவப்புக் கோடு ஒன்று நிமிர்ந்து வந்தால் இன்னொரு கோப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

சீல் ஆன கேமரா இருக்கிறது. மின்னலைப் படமெடுக்க மெரினா பேரேஜ் புல்தரைக்குப் போகலாமா?

போகாதீர்கள். வருடத்தில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. திறந்த மேட்டில் டிரைபாட் விரித்து அதன் பக்கத்தில் நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். மரத்தடியும் வேண்டாம். வீட்டுச் சன்னலுக்குள்ளிருந்து, விளக்கை அணைத்துவிட்டு, டிரைபாடில் வைத்து, ஷட்டரைப் பத்து இருபது வினாடி திறந்து எடுங்கள். பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் என் நண்பர் வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம். அவருடைய அம்மா தேநீரும் தருவார்.